கீரையில் சேராத அகத்தி

பம்பாய்,
14.6.1994

மதிப்பிற்குரிய திருமதி ஜெயபாய் அவர்களுக்கு,

தங்கள் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன். ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வதைத் தடுக்க எங்கள் நிறுவனம் உருவாக்கிவரும் புது மாத்திரையை, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பழைய மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வில் ராஜபாளையம் மருத்துவமனையும் ஒரு மையம் என்பது தாங்கள் அறிந்ததே. இருதய வால்வு சுருங்கிய நோயாளிகள் இருபத்துநான்கு பேர். பன்னிரண்டு பேருக்குப் பழையது, பன்னிரண்டு பேருக்குப் புதியது. ஒவ்வொரு புதன்கிழமையும் ரத்தம் எடுத்து, அது உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து எழுதி அனுப்புவது லேப் டெக்னீசியனான தங்கள் பொறுப்பு.

பழைய மாத்திரைக்காரர்களில் ஏழு பேரின் எண்கள் நம்பும்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஏழு பேருக்கும் ஒரே புதன்கிழமையில், இருபத்துநான்கு இருபத்தைந்து விநாடியிலிருந்து பதினைந்துக்கு இறங்குகிறது. அடுத்த புதன் மறுபடி ஏறிவிடுகிறது. ஏழு தனித்தனி உடம்புகள் இப்படிப் பேசிவைத்துக்கொண்டு நடப்பதில்லை. சோதனை செய்யாமல் மேசையில் உட்கார்ந்து எழுதப்பட்ட எண்களோ என்ற ஐயம் இங்கே எழுந்துள்ளது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தேவை. தவறினால் மையம் மூடப்படும்.

இப்படிக்கு,
டாக்டர் த. பொன்னுராஜ்,
ஆய்வுப் பிரிவு


ராஜபாளையம்,
22.6.1994

ஏலே பொன்னு,

கர்த்தருக்குள் அன்பான தம்பி என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. வாழ்த்து வேண்டுமென்றால் நீயே போட்டுக்கொள். எஸ்.டி.டி. பூத்தில் நின்று உன்னை வைதால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கூடிவிடும், அதனால் இன்லேண்டு லெட்டர்.

என் வசதிக்காகத் தமிழில் எழுதினாயாம். உனக்கு அ, ஆ போட்டுக் கொடுத்தவள் நான். அந்த வசதியை என்னிடமே காட்டுகிறாய்.

மேசையில் உட்கார்ந்து எழுதினேன் என்கிறாயே, என் லேபில் உட்கார மேசை எங்கே இருக்கிறது? இருப்பது ஒரு ஸ்டூல், அதன் மேல் சென்ட்ரிஃபியூஜ். பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறேன். வாட்டர் பாத்தை முப்பத்தேழு டிகிரியில் நிறுத்தி, ரத்தத்தில் உறைய வைக்கிற மருந்தை விட்ட கையோடு ஸ்டாப் வாட்சை அமுக்கி, டியூபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, உள்ளே முதல் இழை கட்டுகிற அந்த நொடியில் நிறுத்துகிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவை. இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது தடவை. புதன்கிழமை சாயங்காலம் ஆனால் கண் எரியும்.

நீ படித்தவன், கொஞ்சம் யோசி. பொய் எழுதுகிறவளாக இருந்தால் நான் ஏன் இந்த அலங்கோலத்தை எழுத வேண்டும்? இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று லட்சணமாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டேனா? திருடத் தெரிந்தவளுக்கு மறைக்கத் தெரியாதா?

எண் இறங்குவதை உனக்கு முன்னால் பார்த்தவள் நான்தான். டியூபில் விடுகிற மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதே பாட்டில், அதே புதன்கிழமை, கான்சாபுரம் உக்கிரபாண்டிக்கு இருபத்துநான்கு. அவர் பட்டாளத்தில் இருந்தவர், பழைய மாத்திரையை விசிலடித்தது போல் எட்டு மணிக்குப் போட்டுக்கொள்கிறவர். அவருக்கு ஒரு வருடமாக எண் அசையவில்லை. வராந்தாவில் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிற சீவில்லிபுத்தூர் சீனியம்மாளுக்குப் பதினைந்து. மருந்து ஆள் பார்த்துக் கெடுமா?

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது வேறு, பொய் என்பது வேறு. என்னைப் பொய்க்காரி என்று எழுதிய தாளை நான் கிழிக்கவில்லை. நீ நேரில் வரும்போது உன் கையாலேயே கிழிக்க வேண்டும்.

ஜெயபாய்


பம்பாய்,
4.7.1994

அன்புள்ள அக்கா,

அந்தக் கடிதம் டைரக்டர் சொல்லி நான் எழுதியது. உன் பெயரைப் போட்டபோது கை கூசத்தான் செய்தது. ஆனால் தம்பி என்பதால் விட்டுக்கொடுத்தான் என்று ஒரு பேச்சு வந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும். அதனால்தான் அம்மையீருக்கு எழுதுவது போல் எழுதினேன். மன்னித்துக்கொள் என்று கேட்டால் நீ இன்னும் திட்டுவாய், கேட்கவில்லை.

நான் ஏன் இந்த வேலையில் இப்படிக் கிடக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு மில்லில் கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தார். கட்டைப் பிரித்த அன்று முற்றத்தில் நாலடி நடந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கண்ணேறு என்றார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்தது என்று எனக்குப் பத்து வருடம் கழித்துப் புத்தகத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு ஒரு மாத்திரை இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

பழைய மாத்திரை நல்ல மாத்திரைதான், ஆனால் முரட்டு மாத்திரை. குறைந்தால் கட்டும், கூடினால் ரத்தம் கொட்டும். வாரா வாரம் ஊசி குத்திப் பார்க்க வேண்டும். பிளவக்கல் பக்கத்தில் ஒரு பொம்பளைக்கு யார் வாரா வாரம் பார்ப்பார்கள்? பார்க்கவே தேவையில்லாத ஒரு மாத்திரை வேண்டும். நாங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான். இதில் எனக்கு ஒரு பேராசையும் இல்லை.

அந்த ஏழு பேரும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். டப்பாவை வாங்கி எண்ணிப் பார். இன்னொன்று, எண் பதினெட்டுக்குக் கீழே இறங்கினால், அதாவது ரத்தம் சீக்கிரம் உறைந்தால், தினமும் அரை மாத்திரை கூட்ட வேண்டும் என்ற விதி ஆய்வில் இருக்கிறது. நான் எழுதிய விதி. அங்கே நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் சங்கரலிங்கம் தயங்கித் தயங்கி அதைச் செய்யாமல் இருக்கிறார். வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் யார் பொறுப்பு? விதிப்படி கூட்டச் சொல்.

பொன்னு


ராஜபாளையம்,
5.8.1994

பொன்னு,

டப்பாக்களை எண்ணினேன். ஏழு பேர் வீட்டுக்கும் பஸ் ஏறிப் போய், சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணினேன். ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உன் விதிப்படி அரை மாத்திரை கூட்டினோம். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பம்பாயில் சொல்கிறார்கள் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தது நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சீனியம்மாள் பால்கோவா அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருந்தவள், மூக்கில் ஏதோ ஒழுகுகிறது என்று முந்தானையால் துடைத்திருக்கிறாள். நிற்கவில்லை. முந்தானை நனைந்து, துண்டு நனைந்து, அந்தத் துண்டோடு பஸ் ஏறி வந்து லேப் வாசலில் நின்றாள். "யக்கா, அடுப்புச் சூடுன்னு நெனச்சேன், நிக்க மாட்டேங்குது" என்றாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. டியூபைச் சாய்த்தேன், சாய்த்தேன், ஒரு நிமிடம் ஆகியும் இழை கட்டவில்லை.

டாக்டர் கே வைட்டமின் ஊசி போட்டார், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார். அதில் ஒரு பாட்டில் அவள் புருஷன் மாரிச்சாமியுடையது.

பிழைத்துவிட்டாள். ஆனால் முந்தின புதன்கிழமை பதினைந்து விநாடியில் கட்டின அதே ரத்தம்தான் இது. அரை மாத்திரைக்கு இவ்வளவு ஏறுமா? உன் புத்தகத்தில் இதற்கு என்ன போட்டிருக்கிறது? எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிகிறவரை இனி ஒருத்தருக்கும் அரை மாத்திரை, கால் மாத்திரை கூட்ட மாட்டோம். விதியை நீயே வைத்துக்கொள்.

ஜெயபாய்


பம்பாய்,
11.8.1994

அக்கா,

அந்தம்மா எப்படி இருக்கிறார்கள்? விதியை நிறுத்தி வைக்க நான் இங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் படி. கே வைட்டமின் ஊசியில் இருப்பது கீரையில் இருக்கிற சத்துதான். பழைய மாத்திரை அந்தச் சத்தை மறித்துத்தான் வேலை செய்கிறது. அதனால்தான் ஆய்வில் சேரும்போதே "கீரை சாப்பிடுவீர்களா?" என்று கேள்வித்தாளில் கேட்டோம். ஏழு பேரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், நீயே உன் கையெழுத்தில் குறித்திருக்கிறாய். அப்படியானால் மிச்சம் இருக்கிற காரணம் ஒன்றுதான். டப்பாவில் இருந்து எடுத்தது வயிற்றுக்குள் போகவில்லை.

டைரக்டர் உத்தரவு: ஏழு பேரின் பெயருக்கு எதிரே "மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளாதவர்" என்று எழுதி அவர்களை நீக்கிவிட வேண்டும். சீனியம்மாளையும் சேர்த்து. அப்படிச் செய்தால் மையம் பிழைக்கும். உன் மேல் இருக்கிற சந்தேகமும் போய்விடும். எழுதிவிடு அக்கா.

பொன்னு


ராஜபாளையம்,
28.8.1994

பொன்னு,

எழுத மாட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இனி நிதானமாகப் படி.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை சீனியம்மாளைப் பார்க்க சீவில்லிபுத்தூர் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் மகாராஜபுரத்து மாடத்தி அகத்திக் கட்டுகளைக் குவித்துப் போட்டு விற்கிறாள். சுற்றி ஒரே பொம்பளைக் கூட்டம். மற்ற நாளில் ஆட்டுக்குக் கூட வாங்க ஆள் இருக்காது. என்ன மாடத்தி, இன்றைக்கு என்ன விசேஷம் என்றேன். "இன்னைக்கு துவாதசில்லா. எம்புட்டு கட்டு கொண்டாந்தாலும் செத்த நேரத்துல காலி. ஏகாதசி விரதம் இருந்தவிய அகத்தி தின்னுதான முடிக்கணும்" என்றாள்.

எனக்கு லெந்து நோன்பு நாட்கள் தெரியும், குருத்தோலை ஞாயிறு தெரியும். ஏகாதசி என்றால் பட்டினி என்றும் தெரியும். மறுநாள் இலையில் என்ன விழும் என்று இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நம் வீட்டில் யாருக்குத் தெரியும்?

நேரே சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். தட்டில் அகத்தி, சோற்றை விட உயரமாக. எனக்கு வந்த கோபத்தில் வாசலிலேயே நின்று சத்தம் போட்டேன்.

"ஏட்டி, கீரை திங்கியான்னு கேட்டேனா இல்லியா? இல்லன்னு சொன்னியே!"

"கீரையா? நான் எங்கக்கா கீரை தின்னேன்?"

"இது என்ன, வைக்கோலா?"

"இது பாரணைல்லா! விரதம் முடிக்கியதைப் போயி கீரைங்கிய."

"அகத்தி கீரை இல்லியா?"

"கறி வச்சுத் தின்னா கீரை. பெருமாளுக்கு இருந்து முடிக்கும்போது கீரையாகுமா? மருந்து திங்கும்போது அகத்தி ஆகாது, மருந்தை முறிச்சிரும்னு எனக்கும் தெரியும்க்கா. அதான் வீட்டுல கீரையே ஆக்கியதில்ல. ஆனா சாமிக்குப் படைச்சது எங்கனயாவது முறிக்குமா?"

பொன்னு, அவள் பொய் சொல்லவில்லை. ஏழு பேரும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது கீரையை. அவர்கள் தின்றது பாரணை. மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். கருத்தம்மாள் என்னைத் திருத்தினாள், "பாரணையைச் சாப்பாட்டுல சேக்கப்படாது" என்று. ஏழு பேரும் ஏகாதசி தவறாதவர்கள். மற்ற ஐந்து பேரில் யாரும் இல்லை. உக்கிரபாண்டியிடம் ஏகாதசி இருப்பீர்களா என்றேன். "நான் கருப்பசாமிக்குக் கெடா வெட்டுத ஆளு, எங்கிட்ட வந்து பட்டினி கெடக்கச் சொல்லுதிய" என்று சிரித்தார்.

லேபுக்கு வந்து தினசரிக் காலண்டரையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்து ஒரு வருடத்துக்கு ஒப்பிட்டேன். துவாதசி கழிந்து வருகிற புதன்கிழமை இறங்குகிறது. அதற்கு அடுத்த புதன் ஏறுகிறது. ஒன்று கூடத் தப்பவில்லை. தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

சீனியம்மாளுக்கு மூக்கில் கொட்டின செவ்வாய்க்கிழமை என்ன தெரியுமா? ஏகாதசி. துவாதசிக் கீரையில் இறங்கின எண்ணைப் பார்த்து நாம் மாத்திரையைக் கூட்டினோம். கீரை உடம்பை விட்டுப் போன பிறகும் கூட்டின மாத்திரை கூடினதாகவே இருந்தது. பட்டினி வேறு. அவளைக் கொல்லப் பார்த்தது அவள் விரதம் இல்லை, நம் விதி.

அவளிடம் அகத்தியை விடச் சொன்னால் விட மாட்டாள். நான் சொல்லவும் மாட்டேன். நான் நினைப்பது இது. தினமும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை தின்னட்டும். துவாதசி அன்று அதற்குப் பதில் அதே ஒரு கைப்பிடி அகத்தி, கூட ஒரு இலை கிடையாது. கீரை தினமும் ஒரே அளவு உள்ளே போனால் மாத்திரையையும் அதற்குத் தக்கபடி ஒரே அளவில் நிறுத்தலாம் இல்லையா? டாக்டர் சங்கரலிங்கம் மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். புதன்கிழமைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு வாரம் இரண்டு தடவை ரத்தம் பார்க்கப் போகிறேன்.

"ஒழுங்காக உட்கொள்ளாதவர்" என்று எழுதச் சொன்ன வாயால் இதற்கு ஒரு பதில் சொல்.

ஜெயபாய்


பம்பாய்,
14.12.1994

அன்புள்ள அக்கா,

செப்டம்பரில் நான் எழுதிய நாலு வரிக்கு அப்புறம் பெரிதாக எழுதவில்லை. நீ அனுப்பிய தாள்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்டோபரிலேயே ஏழில் ஐந்து பேருக்கு எண் நின்றுவிட்டது. நவம்பரில் ஏழு பேருக்கும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்திரண்டு. நான் இங்கே பதினோரு வருடமாக இருக்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்தால் இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் டைரக்டரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆய்வில் ஆகஸ்டு வரை உள்ள எண்களைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார். ஏழு பேரை நீக்கவும் வேண்டாம் என்றார் இப்போது. ஏன் என்று உனக்கே புரியும். அந்த ஏற்ற இறக்கமும் சீனியம்மாளின் ரத்தப்போக்கும் அறிக்கையில் அப்படியே இருந்தால், பழைய மாத்திரை கிராமத்து ஆட்களுக்கு லாயக்கில்லை என்று ஆகிறது. புது மாத்திரைக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. அகத்தியைப் பற்றி ஒரு வரி கூட வேண்டாம் என்கிறார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புது மாத்திரை நல்ல மாத்திரை. உன் எண்களே சொல்கின்றன, புது மாத்திரைக்காரர்கள் பன்னிரண்டு பேரும் நேர்கோடாக இருக்கிறார்கள், அகத்தி தின்றாலும் தின்னாவிட்டாலும். அது சீக்கிரம் வெளியே வருவது ஊருக்கு நல்லது. அதற்காக ஒரு வரியை விட்டால் என்ன என்று ஒரு மனம் சொல்கிறது. அப்பாவை நினைத்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு படிவம் இருக்கிறது. ஆகஸ்டு வரை எழுதிய எண்கள் சரி, அவற்றைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு ஜனவரி பத்தாம் தேதிக்குள் அனுப்பு.

பொன்னு


ராஜபாளையம்,
28.12.1994

பொன்னு,

படிவம் வந்தது. "வேறு எதுவும் சொல்வதற்கில்லை" என்ற வரியை மூன்று தடவை படித்தேன். எனக்கா? என்னைப் பற்றி இந்த ஆஸ்பத்திரியில் யாரிடமாவது கேட்டுப் பார், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நான் என்றைக்காவது இருந்திருக்கிறேனா என்று.

கையெழுத்துப் போட மாட்டேன். வேலை போகும் என்றால் போகட்டும். ஆறு மாதத்துக்கு முன்னால் எண்கள் சரி என்று சொன்னதற்கு என்னைப் பொய்க்காரி என்றார்கள். இப்போது அதே எண்களுக்குச் சரி என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேண்டாத உண்மை, இன்றைக்கு வேண்டிய பொய்யாகிவிட்டது. எண் மாறவே இல்லை பார்த்தாயா? பாதியை மறைத்துச் சொன்னால் சரியான எண்ணும் பொய் பேசும்.

புது மாத்திரையை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத் தின்கிற பன்னிரண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கிறவள் நான்தான். நல்ல மாத்திரை என்றால் அது தன் காலில் நிற்கட்டும். சீனியம்மாளின் மூக்கு ரத்தத்தில் ஏன் நிற்க வேண்டும்? அந்த ரத்தம் பழைய மாத்திரையால் கொட்டியதா? உன் விதியால் கொட்டியது, என் அவசரத்தால் கொட்டியது. அதை மாத்திரை தலையில் கட்டினால் நமக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

அப்பாவை நினைத்துக்கொள்கிறாயா? நானும்தான் நினைக்கிறேன். தினமும் நினைக்கிறேன். அவர் விழுந்தபோது தலையை மடியில் தாங்கினவள் நான், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அவரை ஊரார் கண்ணேறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணத்தைச் சொல்ல ஒருத்தன் இல்லையே என்றுதானே நீ படிக்கப் போனாய்? இப்போது காரணம் உன் கையில் இருக்கிறது. அதை மேசைக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறாய். அப்பாவின் பெயரை இதில் இழுக்காதே.

உன் புது மாத்திரை வர இன்னும் எத்தனை வருடம் ஆகும்? ஐந்தா, பத்தா? அதுவரை இந்த நாட்டில் வால்வு சுருங்கின பொம்பளைகள் எல்லாரும் பழையதைத்தான் தின்னப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஏகாதசி இருப்பார்கள்? எத்தனை டாக்டர்கள் பதினைந்தைப் பார்த்துவிட்டு அரை மாத்திரை கூட்டுவார்கள்? நீ விடச் சொல்கிற ஒரு வரி அவர்களுக்கு எழுதின வரி.

படிவத்தின் பின்பக்கத்தில் அகத்தி சமாசாரம் முழுவதையும் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டாக்டர் சங்கரலிங்கமும் போட்டிருக்கிறார். அவர் ஒரு கையெழுத்துக்கு ஒன்பது தடவை யோசிக்கிறவர், உனக்குத் தெரியும். இந்தத் தடவை பேனாவை என்னிடமிருந்து பிடுங்கித்தான் போட்டார். முன்பக்கத்தில் கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அதிரசம் சுட்டேன். வரவில்லை. நாங்களே தின்றுவிட்டோம்.

ஜெயபாய்


பம்பாய்,
18.1.1995

அக்கா,

லெட்டர்ஹெட் இல்லாத தாளில் எழுதுகிறேன், ஏனென்றால் அதை உபயோகிக்க இனி எனக்கு அனுமதி இல்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பதினோராம் தேதி கூட்டம். அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். உன் படிவத்தை மேசையில் பின்பக்கம் தெரியும்படி வைத்தேன். இந்தக் குறிப்பு அறிக்கையில் வந்தால் போடுகிறேன் என்றேன். "சாமி கும்பிடுகிற பெண்களின் சாப்பாடு மருந்து ஆராய்ச்சிக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். அவர்கள் அதைச் சாப்பாடு என்றே சொல்லவில்லை, அதுதான் விஷயம் என்றேன். யாருக்கும் புரியவில்லை. எண்களை அசையாமல் நிறுத்திக் காட்டியது பத்தாவது வரை படித்த ஒரு லேப் டெக்னீசியன், அவர் என் அக்கா என்றும் சொன்னேன். பதினோரு வருடத்தில் அந்த மேசையில் நான் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஒருவர் போட்டார். ராஜபாளையம் மையத்தின் எண்கள் நம்பத்தகாதவை என்று மொத்தமாக நீக்கிவிட்டார்கள். மையம் இந்த மாதத்தோடு மூடல். என்னை லேபிள் அச்சடிக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் ராஜினாமா செய்ய மாட்டேன். அவர்களே வெளியே தள்ளட்டும்.

ஆனால் அவர்கள் ஒரு தப்புச் செய்துவிட்டார்கள். நம்பத்தகாதவை என்று அவர்களே தூக்கி எறிந்த எண்களுக்கு அவர்கள் சொந்தம் கொண்டாட முடியாது. டாக்டர்கள் படிக்கிற மாதப் பத்திரிகை ஒன்றுக்கு நான் கட்டுரை எழுதிவிட்டேன். ஏகாதசி, பாரணை, ஒரு கைப்பிடி, எல்லாம் இருக்கிறது. அரை மாத்திரை விதி யாருடையது என்பதும் என் பெயரோடு இருக்கிறது. எழுதியவர்கள் பெயரில் முதல் பெயர் உன்னுடையது. இரண்டாவது டாக்டர் சங்கரலிங்கம், கடைசியில் நான். முதல் பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் இல்லையே என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

தமிழிலும் ஒரு பிரதி எழுதி அனுப்பியிருக்கிறேன். உன் வசதிக்காக இல்லை. சீனியம்மாளுக்குப் படித்துக் காட்டு. நோயாளிகள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது முறை, அதனால் எழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். அவர்கள் "நோயாளி ச". அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது.

பொன்னு


ராஜபாளையம்,
2.2.1995

அன்புத் தம்பி பொன்னுவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்தத் தடவை மனம் வந்தே எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் நின்றபடியே அழுதேன், பிறகு இன்னொரு தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். லேபிள் அச்சடிக்கிற இடத்தில் கையில் மை படும், துடைத்துக்கொண்டு சாப்பிடு.

மையம் மூடியாகிவிட்டது. பெயர்ப் பலகையைக் கழற்ற ஆள் வந்தான். டாக்டர் சங்கரலிங்கம், "பலகையை எடுத்துட்டுப் போ, புதன்கிழமையை எடுக்க முடியாதுல்ல" என்றார். பழைய மாத்திரைக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் புதன்கிழமை தொடர்கிறது. புது மாத்திரை தின்றவர்களையும் பழையதுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்கு இப்போது மாத்திரை வருவது நின்றுவிட்டது. அவர்களிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி கீரை சாப்பிடுவீர்களா என்பது இல்லை. விரதம் இருந்தால் மறுநாள் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டேன். இரண்டு பேர் சிக்கினார்கள்.

என் பெயர் முதலில் வருவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. வரட்டும்.

நேற்றுப் புதன்கிழமை கட்டுரையைச் சீனியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ரத்தம் எடுத்த கையை மடக்கி வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். முடிந்ததும், "இந்த நோயாளி 'ச'ன்னா யாருக்கா?" என்றாள்.

"நீதாம்ட்டி."

"என் பேரு எங்க?"

நோயாளி பெயரைப் போடக் கூடாது, உன் அந்தரங்கம், நாலு பேருக்குத் தெரியக் கூடாது என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"வெரதம் இருந்தது நானு. மூக்குல ரத்தம் கொட்டி பஸ்ஸுல வந்தது நானு. பாரணையை ஒரு கைப்பிடியாக் கொறச்சுக்கிட்டதுக்குப் பெருமாள்கிட்ட மன்னிப்புக் கேட்டதும் நானு. அம்புட்டும் நான் செய்வேன், பேரு மட்டும் அவியளோடதாக்கும்? ஒழுங்கா மாத்திரை திங்காதவன்னு எழுதச் சொன்னாவளே, அப்ப என் பேரு தெரிஞ்சுதுல்லா?"

அதோடு அவள் விடவில்லை, பொன்னு.

என் கோட்டுப் பையில் இருந்த பேனாவை எடுத்து, "நோயாளி ச" என்று நீ எழுதியிருந்த ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு, மேலே சீனியம்மாள், சீவில்லிபுத்தூர் என்று அவள் கையாலேயே எழுதிவிட்டாள். மூன்றாம் வகுப்பு எழுத்துதான், ஆனால் நன்றாகப் படிக்க முடிகிறது. பதினோரு இடம். பிரதியை அப்படியே அனுப்புகிறேன். மறுபடி அதை அடித்து எழுத உனக்குத் தைரியம் இருந்தால், அடித்து எழுது.

உன் அக்கா,
ஜெயபாய்